இஃப் ஏணியா, கிளாஸா: புதிதாக நிரல் எழுதுபவர் எதை எப்போது எடுப்பது?

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கைக்குப் பழகுவது இஃப்-எல்ஸ்தான்: இது உண்மையானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். எந்தக் கணக்கு கொடுத்தாலும் அதை வைத்தே எப்படியோ முடித்துவிடலாம். அப்புறம் பாடத்தில் கிளாஸ் வருகிறது: தகவலையும் அதைக் கையாளும் வேலையையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அச்சு. குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிலர் கிளாஸ் என்று ஒரு தலைப்பு மட்டும் போட்டுவிட்டு, படிப்படியாக அடுக்கிய பழைய இஃப் ஏணியை அப்படியே அதற்குள் இறக்கிவைக்கிறார்கள். வேறு சிலர் இஃப் போட்டாலே தப்பு என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று வரியில் முடிகிற வேலைக்கு ஐந்து கிளாஸ் எழுதுகிறார்கள்.

புதியவர்கள் எழுதிய நிரலை, அதாவது கோட்-ஐ, படித்துப் பார்க்கிற வேலை எனக்கு நிறைய உண்டு. அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: ஏணி எத்தனை படி நீளம் என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரே கேள்வியை நிரலில் எத்தனை இடத்தில் கேட்கிறோம்? நாம் பிரித்துப் பார்க்கும் வகைகள் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான தகவலை வைத்திருக்கின்றனவா, வேறு வேறு தகவலையா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் இஃப், ஸ்விட்ச் (ஒரே மதிப்பைப் பல கேஸோடு ஒப்பிட்டுப் பிரிப்பது), டிக்ஷனரி (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை), கிளாஸ், சப்கிளாஸ் (ஒரு கிளாஸின் வாரிசாக எழுதும் கிளாஸ்) ஆகியவற்றில் எது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பேச வசதியாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலகம் பொருள்களை இரவல் தருகிறது. புத்தகம் 21 நாள், இதழ் 7 நாள், குறுந்தகடு 3 நாள். புத்தகத்தை இரண்டு முறை புதுப்பிக்கலாம், குறுந்தகட்டை ஒரு முறை, இதழைப் புதுப்பிக்கவே முடியாது. தாமதமானால் ஒரு நாளுக்கு இத்தனை புள்ளி என்று அபராதம், அதுவும் எல்லா வகைக்கும் ஒன்றல்ல. தொடக்கப் பாடங்களில் பல வேடங்களில் வரும் கணக்குதான் இது.

இஃப் ஏணி: எங்கே அதுவே சரியான விடை

முதலில் நூலகத்தை ஓரமாக வைத்துவிட்டு, இஃப் உண்மையிலேயே நன்றாகப் பொருந்தும் இடத்தைப் பார்ப்போம். மதிப்பெண்ணைக் கொடுத்தால் தரநிலையைச் சொல்ல வேண்டும். 90 முதல் ஒன்று, 75 முதல் ஒன்று, 40 முதல் ஒன்று, மற்றவை தோல்வி. இங்கே வகை என்று எதுவும் கிடையாது. ஒரு எண் இருக்கிறது, அது எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்க்கிறோம். நிரல் முழுவதும் இந்தக் கேள்வி ஒரே ஓர் இடத்தில்தான் வரும். இதற்குப் போய் முதல்தரம், இரண்டாம்தரம் என்று கிளாஸ் எழுதுவது வீண் வேலை. ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த நிரல் துண்டு), அதற்குள் ஓர் ஏணி, அவ்வளவு போதும்.

ஆனால் ஏணி எளிது என்பதற்காகத் தப்பு வராது என்று அர்த்தமில்லை. இதைப் பாருங்கள் (எல்இஃப் என்றால், மேலே உள்ளது பொய்யானால் இதைப் பார் என்று பொருள்):

இஃப் மதிப்பெண் >= 40: "தேர்ச்சி"
எல்இஃப் மதிப்பெண் >= 75: "சிறப்பு"
எல்இஃப் மதிப்பெண் >= 90: "மிகச் சிறப்பு"
எல்ஸ்: "தோல்வி"

95 எடுத்தவருக்கும் "தேர்ச்சி" என்றுதான் வரும். ஏணியை மேலிருந்து கீழே படிக்கிறது கணினி. முதலில் உண்மையாகும் படியிலேயே நின்றுவிடுகிறது. 95 என்பது 40-ஐவிடப் பெரியதுதானே. அடுத்த இரண்டு படிகளை யாருமே எட்டப்போவதில்லை. இதில் மோசமான விஷயம், நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, 45 போட்டுச் சோதித்தால் விடையும் சரியாக இருக்கும். எல்இஃப்புக்குப் பதிலாகத் தனித்தனி இஃப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே வேரியபிளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) மதிப்பு கொடுத்திருந்தால் இதே வரிசை 95-க்குச் சரியாக வேலை செய்திருக்கும், ஏனென்றால் கடைசியில் எழுதியது முந்தையதை அழித்துவிடும். சரியாக வந்ததே எப்படி என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும் கோட் அது. பெரிய எல்லையிலிருந்து சிறியதற்கு இறங்கி வாருங்கள், எல்இஃப் போடுங்கள்.

நிபந்தனையை எழுதும் விதத்திலும் பொறிகள் உண்டு. பைத்தான் மொழியில் புதியவர்கள் இப்படி எழுதுவார்கள் (ஆர் என்றால் அல்லது):

இஃப் வகை == "புத்தகம்" ஆர் "இதழ்":

வாசிக்கும்போது சரியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஆர் என்பதற்கு வலப்பக்கம் இருப்பது தனியாக நிற்கும் ஒரு சொற்சரம் (மேற்கோளுக்குள் எழுதிய எழுத்துத் தொடர்). வெற்று அல்லாத சொற்சரம் பைத்தானுக்கு எப்போதும் உண்மை. ஆகவே குறுந்தகடு வந்தாலும் இந்த நிபந்தனை நிறைவேறும். ஒப்பீட்டை இருபுறமும் முழுதாக எழுத வேண்டும், அல்லது "இந்தப் பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டும். இதற்கு அண்ணன் முறையில் ஒரு பொறி சி மொழியில் இருக்கிறது. 40 <= மதிப்பெண் < 75 என்று பைத்தானில் எழுதினால் கணிதத்தில் உள்ள பொருளே கிடைக்கும். சி மொழியில் அதே வரி கம்பைல் ஆகும் (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்), ஆனால் முதல் ஒப்பீட்டின் விடை 0 அல்லது 1 ஆகிவிடும், அது எப்போதுமே 75-ஐவிடச் சிறியது. ஜாவா இதைக் கம்பைல் செய்யவே மறுத்துவிடும். அது ஜாவா செய்யும் உபகாரம்.

எதிர்மறை நிபந்தனைகளுக்கு டி மார்கன் விதியைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள். "(அ அல்லது ஆ) இல்லை" என்பது "அ இல்லை, ஆவும் இல்லை". அடைப்புக்குறியை நீக்கும்போது அல்லது என்பதை மேலும் என்று மாற்ற மறப்பதால் வருகிற தவறுகள் ஏராளம்.

எல்லைகளைப் பற்றியும் கொஞ்சம். லீப் ஆண்டு விதி எல்லாப் பாடத்திலும் இருக்கும்: 4-ஆல் வகுபட வேண்டும், 100-ஆல் வகுபட்டால் இல்லை, ஆனால் 400-ஆல் வகுபட்டால் உண்டு. 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் அதே தவறை ஏற்றுக்கொண்டது. அதனால் நடக்காத 1900 பிப்ரவரி 29 எக்செலில் இன்னும் ஒரு தேதியாக இருக்கிறது. ஒரு நிபந்தனையில் விட்டுப்போன ஒரு கிளை எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடைப்பு போடும் பழக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐஓஎஸ்ஸில் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி கோடில், ஓர் இஃப்புக்குக் கீழே "கோட்டு ஃபெயில்" (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. நெளி அடைப்பு இல்லை. முதல் வரி மட்டும்தான் இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடியது. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளித்தான் இருந்தன. விளைவு, அதற்கடுத்த கையொப்பச் சோதனை நடக்காமலே எல்லாம் சரி என்று விடை போனது. ஒரு வரிதானே என்று அடைப்பை விடாதீர்கள்.

ஏணி எப்போது பாரமாகிறது? தாமஸ் மக்கேப் என்பவர் 1976-இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை சுயேச்சையான பாதைகள் இருக்கின்றன என்று எண்ணும் முறை. 10-ஐத் தாண்டினால் உடைக்கப் பாருங்கள் என்பது அவர் யோசனை. நல்ல எச்சரிக்கை மணிதான். ஆனால் புதியவர் இந்த எண்ணைப் பார்த்து மட்டும் கிளாஸுக்கு ஓட வேண்டாம் என்பேன். பன்னிரண்டு படி உள்ள தட்டையான ஏணியை யாரும் வாசித்துவிடலாம். இஃப்புக்குள் இஃப்புக்குள் இஃப் என்று நான்கு அடுக்கு போனால் அதுதான் கஷ்டம். அதற்கு மருந்தும் கிளாஸ் அல்ல. தகுதியில்லாதவற்றை முதலிலேயே ரிட்டர்ன் செய்து வெளியேற்றிவிட்டால், மிச்சம் ஒரே மட்டத்தில் நேராக வந்துவிடும். உறுப்பினர் இல்லையா, வெளியே. அட்டை காலாவதியா, வெளியே. இரவல் வரம்பு முடிந்துவிட்டதா, வெளியே. அதற்குக் கீழே உண்மையான வேலை.

ஸ்விட்ச், மேட்ச்

ஒரே வேரியபிளின் தனித்தனி மதிப்புகளுக்கு ஏற்பப் பிரிய வேண்டும் என்றால் ஸ்விட்ச் வாசிக்கச் சுலபம். எல்லைகளைப் பார்ப்பதற்கு அது உதவாது. சி மொழியின் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேஸ் முடிவிலும் பிரேக் போடாவிட்டால் அடுத்த கேஸுக்குள் வழிந்துவிடும். ஜாவாவின் பழைய வடிவத்துக்கும் இதே குணம். பிரேக் எங்கே இருந்து எங்கே வெளியேறுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1990 ஜனவரி 15 சாட்சி. அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் முடங்கியது. ஸ்விட்ச்சுக்குள் இருந்த ஓர் இஃப்பில் போட்ட பிரேக், எழுதியவர் நினைத்த இடத்திலிருந்து வெளியேறாமல் ஸ்விட்ச்சிலிருந்தே வெளியேறியதுதான் மூலம்.

2020-இல் வந்த ஜாவா 14 முதல் அம்புக்குறி போட்ட ஸ்விட்ச் வடிவம் நிரந்தரமாகிவிட்டது. அதில் வழிதல் கிடையாது. மதிப்பைத் திருப்பித் தரும் ஸ்விட்ச்சில், ஈனம் (enum, முன்பே பட்டியலிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்பது) வகையின் ஒரு மதிப்பை விட்டுவிட்டு டிஃபால்ட்டும் (எதுவும் பொருந்தாதபோது ஓடும் கிளை) போடாமல் இருந்தால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. ஜாவா கற்பவர்கள் இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பழையதை வாசிக்கத் தெரிந்தால் போதும். அவசரத்துக்கு டிஃபால்ட் போட்டு வாயை அடைக்க வேண்டாம். புதிய வகை ஒன்று சேரும்போது எங்கெல்லாம் திருத்த வேண்டும் என்று கம்பைலர் சொல்ல வருவதை அது மறைத்துவிடும்.

பைத்தானுக்கு 2021-இல் 3.10 பதிப்பில் மேட்ச் வந்தது. தோற்றத்தில் ஸ்விட்ச் போலிருக்கும், ஆனால் கேஸில் வெறும் பெயர் ஒன்றை எழுதினால் அந்தப் பெயரில் உள்ள மதிப்போடு ஒப்பிடாது. எந்த மதிப்பு வந்தாலும் ஏற்றுக்கொண்டு அதை அந்தப் பெயருக்குள் போட்டுவிடும். புள்ளி வைத்த பெயராகவோ நேரடி மதிப்பாகவோ எழுதினால்தான் ஒப்பீடு நடக்கும். தொடக்க நிலையில் மேட்சைத் தவிர்த்தால் எந்த நஷ்டமும் இல்லை.

டிக்ஷனரி: பலர் தாண்டிப் போகும் வழி

இப்போது நூலகத்துக்கு வருவோம். பெரும்பாலும் வருகிற முதல் முயற்சி இதுதான்: இரவல் நாளைச் சொல்ல ஒரு ஃபங்ஷன், அதில் மூன்று படி ஏணி. புதுப்பிப்பு வரம்புக்கு இன்னொரு ஃபங்ஷன், அதிலும் அதே மூன்று படி. அபராதத்துக்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் "நீ புத்தகமா, இதழா, குறுந்தகடா" என்றே தொடங்குகிறது. ஒரே கேள்வி மூன்று இடத்தில். நாளைக்கு வரைபடம் என்று நான்காவது வகை வந்தால் மூன்று இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் அது எல்ஸ் கிளையில் விழுந்து ஏதோ ஒரு விடையைச் சத்தமில்லாமல் கொடுக்கும்.

இங்கே பாடப் புத்தகம் சப்கிளாஸுக்குத் தாவும். நான் தாவ மாட்டேன். மூன்று ஃபங்ஷனையும் உற்றுப் பாருங்கள். வகைக்கு வகை மாறுவது எண்கள் மட்டுமே. செய்யும் வேலை ஒன்றுதான்: நாளைக் கூட்டு, தாமதத்தை வீதத்தால் பெருக்கு. மாறுவது எண் என்றால் அதன் இடம் ஓர் அட்டவணை.

விதிகள் = {
"புத்தகம்": (21, 2, 1),
"இதழ்": (7, 0, 1),
"குறுந்தகடு": (3, 1, 5)
}

முதல் எண் நாள், இரண்டாவது புதுப்பிப்பு வரம்பு, மூன்றாவது ஒரு நாள் அபராதப் புள்ளி. ஒன்பது கிளைகள் மூன்று வரியாகச் சுருங்கிவிட்டன. நான்காவது வகை என்றால் ஒரே ஒரு வரி கூடும். வகையின் பெயரைத் தப்பாக எழுதினால் கீ (தேடும் பெயர்) இல்லை என்று பைத்தான் அங்கேயே நின்றுவிடும். ஏணியின் எல்ஸ் போலத் தப்பான எண்ணைக் கொடுத்து அனுப்பாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டிக்ஷனரியைப் பரிந்துரைப்பேன். கீ இல்லாவிட்டால் 0 கொடு என்கிற, டிக்ஷனரிக்குள்ளேயே இருக்கும் ஃபங்ஷனான கெட் மெத்தடை இங்கே பயன்படுத்த வேண்டாம், கிடைத்த பாதுகாப்பு போய்விடும்.

அடைப்புக்குள் இருக்கும் மூன்று எண்ணில் எது எது என்று பத்து நாளில் மறந்துபோகும் என்பது நியாயமான குறை. பைத்தான் 3.7 முதல் இருக்கும் டேட்டாகிளாஸ், ஜாவா 16 முதல் இருக்கும் ரெக்கார்டு இரண்டும் அதற்காகவே வந்தவை. மூன்று புலத்துக்கும் (தகவலை வைக்கும் இடம்) பெயர் வைத்த ஒரு சின்ன கிளாஸ், அந்த அச்சில் வார்த்த மூன்று ஆப்ஜெக்ட். இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: மூன்று வகை என்றால் மூன்று கிளாஸ் வேண்டும் என்பதில்லை. ஒரு கிளாஸும் மூன்று ஆப்ஜெக்டும் போதும்.

டிக்ஷனரி எங்கே தோற்கும்? எண் மாறாமல் கணக்கு போடும் முறையே மாறினால். குறுந்தகட்டுக்கு முதல் இரண்டு நாள் சலுகை, அப்புறம் இரட்டிப்பு, அதற்கும் ஓர் உச்சவரம்பு என்று வந்துவிட்டால் அதை எண்ணாக அட்டவணையில் அடைக்க முடியாது. அட்டவணைக்குள் ஃபங்ஷனையே மதிப்பாக வைக்கலாம், பைத்தானில் அது சகஜம். ஒரே ஒரு ஃபங்ஷன் என்றால் அதுவும் நல்ல வழிதான். இரண்டு மூன்று ஃபங்ஷன் வைக்க வேண்டி வந்தால், நீங்கள் கையால் ஒரு கிளாஸைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கிளாஸ்: முதல் காரணம் வகை அல்ல

கிளாஸ் என்றதும் விலங்கு, நாய், பூனை என்று பரம்பரை வரைபடம் போட்டுவிடுவது பாடங்களின் வழக்கம். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடு இல்லை. கிளாஸின் முதல் பயன், சேர்ந்தே மாற வேண்டிய தகவலைச் சேர்த்து வைத்து, அது கெட்டுப்போகாமல் காப்பது. அந்தக் காவலைச் செய்வது பழைய இஃப்தான்.

ஓர் இரவலை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள், எடுத்த நாள், திருப்ப வேண்டிய நாள், இதுவரை எத்தனை முறை புதுப்பித்தது. இந்த நான்கும் தனித்தனி வேரியபிளாக நிரலில் அலைந்தால், ஓர் இடத்தில் புதுப்பிப்பு எண்ணைக் கூட்டிவிட்டுத் திருப்பும் நாளை நகர்த்த மறப்போம். இன்னோர் இடத்தில் வரம்பைப் பார்க்காமலே கூட்டுவோம். இரவல் என்று ஒரு கிளாஸ் இருந்தால்:

கிளாஸ் இரவல்:
  புதுப்பி():
    இஃப் திரும்பிவிட்டதா: பிழை எழுப்பு
    இஃப் புதுப்பித்த_எண் >= வரம்பு: பிழை எழுப்பு
    புதுப்பித்த_எண் += 1
    திருப்பும்_நாள் += இரவல்_நாள்

இஃப் காணாமல் போகவில்லை, ஒரே இடத்தில் குடியேறிவிட்டது. வெளியே இருப்பவர்கள் புதுப்பி என்று சொன்னால் போதும். வரம்பைப் பார்க்கும் பொறுப்பு அவர்களுடையது இல்லை. இதைக் கெடுக்கும் வழக்கமான கோட் எப்படி இருக்கும் என்றால், ஒவ்வொரு புலத்துக்கும் மதிப்பைப் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் போட்டுவிட்டு, வெளியிலிருந்து எண்ணைக் கேட்டு, வெளியே இஃப் போட்டு, வெளியிலிருந்தே எண்ணை மாற்றுவது. பெயர்தான் கிளாஸ், காவல் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் செட்டர் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, புதுப்பி, திருப்பு என்று வேலையின் பெயரில் மெத்தட் எழுதுங்கள். ஜாவாவில் புலங்களை வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கலாம். பைத்தானில் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போடுவது வழக்கம். மொழி தடுக்காது, வாசிப்பவர் புரிந்துகொள்வார். ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலும் இதே கவனம் வேண்டும். திருப்பும் நாள் எடுத்த நாளுக்கு முந்தியதாக இருந்தால் ஆப்ஜெக்டே உருவாகக் கூடாது. பிறக்கும்போதே சரிபார்த்துவிட்டால் மற்ற மெத்தட்களில் பாதி இஃப் தேவைப்படாது.

புதியவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைத்தானில் கிளாஸ் உடலிலேயே "இரவல்கள் = []" என்று எழுதினால் அந்தப் பட்டியல் எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவாகிவிடும். ஒருவர் எடுத்த புத்தகம் எல்லார் கணக்கிலும் தெரியும். கன்ஸ்ட்ரக்டருக்குள் செல்ஃப் (அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும் பெயர்) போட்டு எழுத வேண்டும். ஜாவாவில் இரண்டு சொற்சரங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் எழுத்துகளை ஒப்பிடாது, இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்றே பார்க்கும். கோடிலேயே எழுதிய சொற்சரங்களை ஜாவா பொதுவாகப் பகிர்ந்துகொள்வதால், சோதனையில் சரியாக வரும். பயனர் தட்டச்சு செய்த சொல் வந்ததும் அதே இஃப் பொய்யாகிவிடும். ஈக்வல்ஸ் மெத்தடைத்தான் பயன்படுத்த வேண்டும். இஃப்பும் கிளாஸும் தனித்தனிப் பாடம் இல்லை என்பதை இந்தப் பிழை நன்றாகவே காட்டிவிடும்.

சப்கிளாஸ் எப்போது

இரண்டாவது அளவுகோல் இங்கேதான் தேவைப்படுகிறது: வகைகள் வைத்திருக்கும் தகவல் ஒன்றா, வேறா? நூலகத்தின் புத்தகமும் இதழும் குறுந்தகடும் இந்தக் கணக்கைப் பொறுத்தவரை ஒரே மூன்று எண்ணைத்தான் வைத்திருந்தன. வட்டம், செவ்வகம், முக்கோணம் இவற்றின் பரப்பையும் சுற்றளவையும் கணக்கிடும் நிரலில் நிலைமை வேறு. வட்டத்துக்கு ஓர் ஆரம். செவ்வகத்துக்கு நீளமும் அகலமும். முக்கோணத்துக்கு மூன்று பக்கம். ஒரே கிளாஸில் எல்லாவற்றையும் போட்டால் வட்டத்திடம் அகலம் என்ற வெற்றுப் புலம் தொங்கிக்கொண்டிருக்கும். சூத்திரமும் வேறு வேறு. பரப்பு, சுற்றளவு, வரைதல் என்று கேள்வியும் பல இடத்தில் வரும். இரண்டு அளவுகோலும் ஒரே பக்கம் சாய்கின்றன. இங்கே சப்கிளாஸ் எழுதாமல் இஃப் ஏணி போடுவதுதான் சிரமம்.

வடிவம் என்ற பொதுக் கிளாஸில் பரப்பு என்ற மெத்தட்; மூன்று சப்கிளாஸும் தன் சூத்திரத்தை எழுதிக்கொள்ளும். பயன்படுத்துகிற இடத்தில் "வடிவம்.பரப்பு()" என்ற ஒரே வரி. நீ யார் என்று கேட்கும் இஃப் மறைந்துவிடுகிறது, ஏனென்றால் எந்த மெத்தடை ஓட்ட வேண்டும் என்பதை ஆப்ஜெக்டின் கிளாஸைப் பார்த்து மொழியே தேர்ந்தெடுக்கிறது. இந்த வழியை உலகுக்குத் தந்தது நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழி. கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு அவர்களுக்கு இதற்காகவே கிடைத்தது.

லாபம் எவ்வளவு என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். புதிய வடிவம் சேர்ப்பது சுலபமாகிறது: அறுகோணத்துக்கு ஒரு கிளாஸ், பழைய கோடைத் தொடவே வேண்டாம். புதிய வேலை சேர்ப்பது கடினமாகிறது: மூலைகளின் எண்ணிக்கை வேண்டும் என்றால் ஒவ்வொரு கிளாஸாகத் திறந்து எழுத வேண்டும். இஃப் ஏணியில் இது தலைகீழ். புதிய வேலைக்கு ஒரு ஃபங்ஷன் சேர்த்தால் முடிந்தது, புதிய வடிவத்துக்கு எல்லா ஃபங்ஷனையும் திறக்க வேண்டும். கணினி அறிவியலாளர் பிலிப் வாட்லர் 1998-இல் இந்த முரணுக்கு ஒரு பெயர் வைத்து எழுதிய பிறகு இது நிரல்மொழி ஆய்வில் ஒரு தனிக் கேள்வியாகவே இருந்துவருகிறது. உங்கள் கணக்கில் வகைகள் கூடுமா, வேலைகள் கூடுமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சீட்டுக்கட்டின் நான்கு இனம், வாரத்தின் ஏழு நாள் போன்றவை கூடவே கூடாது; அவற்றுக்குச் சப்கிளாஸ் வேண்டாம், ஈனமும் ஸ்விட்ச்சும் போதும். ஜாவா 17-இல் வந்த சீல்டு கிளாஸும் (வாரிசுகள் யார் யார் என்று முன்பே வரம்பிட்ட கிளாஸ்) 21-இல் வந்த வகை பார்க்கும் ஸ்விட்ச்சும் சேர்ந்து இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் திறந்திருக்கின்றன, ஆனால் அது அடுத்த கட்டத்தில் கற்க வேண்டியது.

சப்கிளாஸ் கூடாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் அதிகம் பேர் எழுதுகிறார்கள். காலப்போக்கில் மாறுகிற நிலைக்குச் சப்கிளாஸ் எழுதாதீர்கள். நிலுவை இரவல், தாமத இரவல், திரும்பிய இரவல் என்று மூன்று கிளாஸ் போட்டால், நாள் தவறியதும் அந்த ஆப்ஜெக்ட் கிளாஸ் மாற வேண்டும். ஜாவாவில் ஆப்ஜெக்ட் பிறந்த கிளாஸிலேயே சாகும். மாணவர், ஊழியர் என்ற இரண்டு சப்கிளாஸிலும் இதே சிக்கல்: படித்துக்கொண்டே வேலை பார்ப்பவரை எங்கே வைப்பது? நிலை என்பது ஒரு புலம். அதை ஓர் இஃப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, கணிதத்தில் சதுரம் ஒரு செவ்வகம்தான். ஆனால் செவ்வகக் கிளாஸில் நீளத்தை மட்டும் மாற்றும் மெத்தட் இருந்தால், அதை வாரிசாகப் பெறும் சதுரம் தன் விதியை மீறியே ஆக வேண்டும், அல்லது சொல்லாமல் அகலத்தையும் மாற்ற வேண்டும். நிஜ உலகில் இது அதன் ஒரு வகைதானே என்பதை மட்டும் வைத்து வாரிசு உறவைத் தீர்மானித்தால் இப்படித்தான் முடியும். தாய்க் கிளாஸ் கொடுத்த வாக்கு ஒவ்வொன்றையும் பிள்ளைக் கிளாஸால் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

சப்கிளாஸ் எழுதினாலும் ஓர் இஃப் எங்காவது மிஞ்சும். கோப்பிலிருந்து "வட்டம், 5" என்று ஒரு வரி வருகிறது. எந்தக் கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்குவது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். அது ஏணியாகவோ, பெயரிலிருந்து கிளாஸுக்குப் போகும் டிக்ஷனரியாகவோ இருக்கலாம். இஃப்பே இல்லாத நிரலைத் தேடி அலைய வேண்டாம். நீ எந்த வகை என்ற கேள்வி ஒரே வாசலில் ஒருமுறை கேட்கப்பட்டால் போதும்.

நூலகக் கணக்குக்கு என் தேர்வு

மேலே சொன்ன விதிகள் மட்டும்தான் என்றால் நான் எழுதுவது இது: விதிகளுக்கு ஒரு டிக்ஷனரி, இரவல் என்று ஒரே ஒரு கிளாஸ், அதன் மெத்தட்களுக்குள் காவலுக்கு இரண்டு மூன்று இஃப். சப்கிளாஸ் பூஜ்யம். குறுந்தகட்டுக்கு மட்டும் அபராத முறை மாறினால், விதியின் நான்காவது புலமாக ஒரு ஃபங்ஷன். இரண்டாவது மூன்றாவது வேலையும் வகைக்கு வகை முறை மாறத் தொடங்கினால் அன்றைக்குச் சப்கிளாஸ்.

பாடத்தில் வாரிசு முறை கட்டாயம் என்று கேட்டிருந்தால் எழுதத்தான் வேண்டும், அதில் தவறில்லை. பயிற்சியின் நோக்கமே அதுதான். அப்போதும் வகைகளின் தகவல் உண்மையாகவே வேறுபடும் கணக்காகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தையே எடுத்தால், குறுந்தகட்டுக்கு ஓடும் நேரம், இதழுக்கு வெளியீட்டு எண் என்று தனித் தகவலும் அதைப் பயன்படுத்தும் மெத்தடும் இருக்கட்டும். எண் மட்டும் மாறும் மூன்று சப்கிளாஸ் எழுதிப் பழகினால், கை அதையே பிடித்துக்கொள்ளும்.

ஏணியில் தொடங்கிவிட்டு நடுவில் மாற வேண்டி வந்தால், மாற்றுவதற்கு முன் சோதனைகளை எழுதிவிடுங்கள். மதிப்பெண் கணக்குக்கு 39, 40, 74, 75, 89, 90 என்று எல்லையின் இரு கரையும். இரவலுக்குத் திருப்பும் நாள் அன்றே கொண்டுவந்தவர், மறுநாள் வந்தவர், வரம்பு தீர்ந்த பின் புதுப்பிக்கக் கேட்பவர், திருப்பிக் கொடுத்ததையே மறுபடி புதுப்பிக்கக் கேட்பவர். பழைய ஏணியில் இந்தச் சோதனைகள் ஓடட்டும். பிறகு ஒரு ஏணியை மட்டும் எடுத்து டிக்ஷனரியாக்கி, மறுபடி ஓட்டுங்கள். அது தேறிய பின் அடுத்தது.